கோச்சியும் தீவகமும் – 6: முதலில் ஆண்டு, பிறகு எஞ்சின்

தீவகத்தில் ஒருபோதும் தண்டவாளம் போடப்படவில்லை. நெடுந்தீவில் பிறந்தவர் கோச்சி ஏற வேண்டுமென்றால் முதலில் படகேற வேண்டும், பிறகு குறிகட்டுவானிலிருந்து பஸ் ஏற வேண்டும், புங்குடுதீவையும் வேலணையையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். ஆனாலும் வடபாதையை நம்பிப் பிழைத்தவர்களைத் தேடினால் தீவகத்தார் முன்வரிசையில் நிற்பார்கள். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு வணிகர்கள் கொழும்பிலும் தென்பகுதி நகரங்களிலும் கடை வைத்திருந்தார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அந்தக் கோச்சிதான். அதனால்தான் நாம் செய்யப்போகும் யாழ்ப்பாண நிலையத்தின் மாதிரியை ஒரு தீவகப் பயணியின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இந்தத் தொடர் முழுக்க வற்புறுத்துகிறேன்.

பலகையின் அளவும் பாதையின் அகலமும் கடந்த வாரத்தோடு முடிந்தன. 1:76 என்ற ஓஓ அளவை எடுத்துக்கொண்டோம். இலங்கையின் 5 அடி 6 அங்குலப் பாதை அந்த அளவில் 22 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் பாதையோ 16.5 மில்லிமீட்டர். அந்தக் குறையோடு போவதா, கையால் பாதை போடுவதா என்பதை அவரவர் தீர்மானித்திருப்பீர்கள். இனி அதன்மேல் எதை ஓடவிடுவது?

மாதிரி ரயில் செய்ய இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் எஞ்சினை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிடித்தமான நீராவி எஞ்சின் ஒன்று, சின்ன வயதில் பார்த்த டீசல் ஒன்று, அண்மையில் ஊருக்குப் போனபோது ஏறிவந்த குளிரூட்டிய வண்டி ஒன்று. மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்தினால் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்கும், நிலையம் மட்டும் பொய்யாகிவிடும். வடபாதை 1902-ல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1905 ஓகஸ்ட் 1-ம் திகதி கொழும்போடு முழுமையாக இணைந்தது. 1990 ஜூனில் நின்றுபோனது. 2014 ஒக்ரோபர் 13-ம் திகதி யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2-ம் திகதி காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இத்தனை நீண்ட வரலாற்றில் ஓர் ஆண்டைப் பிடிக்க வேண்டும். முடிந்தால் மாதத்தையும் பிடிக்க வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் எஞ்சின் தானாக வந்து நிற்கும்.

நான் 1973 ஆனி மாதத்தைப் பிடித்திருக்கிறேன். காரணங்கள் உண்டு.

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா. கொழும்பிலிருக்கும் கடைக்காரரும் கடைச் சிப்பந்தியும் ஊருக்கு வரும் காலம். அதே நயினாதீவின் நாகவிகாரைக்கு ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வழி இதே பாதைதான். ஒரே மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இரு சாராரும் நெருங்கி உட்கார்ந்து வந்த காலம் அது. இரண்டாவது காரணம் விவசாயம். எழுபதுகளின் முதற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் யாழ்ப்பாண வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொழும்பில் நல்ல விலை கிடைத்தது. சரக்கு வண்டிகள் வெறுமையாக நிற்காத ஆண்டுகள். மூன்றாவது காரணம் எஞ்சின் பற்றியது. 1975-ல் மொன்றியலில் செய்யப்பட்ட எம் 4 எஞ்சின்கள் 14 வந்து இறங்கும்வரை, பெரிய பாதைகளின் நெடுந்தூர வண்டிகளில் மதிப்பான எஞ்சின் எம் 2-தான்.

எம் 2 பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1954-லிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் இவை. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஜி 12 வகை. பி. டி. ரம்பாலா பொது முகாமையாளராக இருந்து நீராவியிலிருந்து டீசலுக்குப் புகையிரதத் திணைக்களத்தை நகர்த்திய காலம். 1956 ஏப்ரல் 23-ம் திகதி யாழ்தேவி என்ற பெயரோடு ஒரு கடுகதி வண்டி புறப்பட்டதும் அந்த அலையில்தான். எம் 2-வின் முதல் தொகுதிக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கச்சுவான். ஒன்ராறியோ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு மேடையில் நின்ற புங்குடுதீவுக் குடும்பங்களின் பிள்ளைகள் பின்னாளில் அந்த மாகாணத்துக்கே ஆயிரக்கணக்கில் குடிபோனார்கள். ரொறன்ரோவில் வீட்டு நிலவறையில் வடபாதை அமைக்க நினைக்கும் வாசகர்கள் 569-ஐத் தெரிவுசெய்தால் அதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. 591 மனிட்டோபாவைச் செய்ய விரும்புகிறவர்களும் இருப்பார்கள். 2004 டிசம்பர் 26-ம் திகதி பெரேலியவில் ஆழிப்பேரலை அடித்துச்சென்ற வண்டியை இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின் அது. பின்னர் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். ஆனால் 1973-ல் அதற்கு அந்தக் கதை இல்லை. நினைவுச் சின்னமாக அல்லாமல், வேலை செய்யும் எஞ்சினாகவே அதைச் செய்யுங்கள்.

எம் 2-வை மாதிரியாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ஜி 12 என்பது உலகம் முழுக்க விற்கப்பட்ட ரகம். நியூசிலாந்தின் டிஏ வகுப்பு ஜி 12. ஹொங்கொங்கின் 51-ம் இலக்க சேர் அலெக்சாண்டரும் ஜி 12. பெயர் ஒன்று என்பதற்காக அவற்றின் மாதிரிகளில் ஒன்றை வாங்கி நிறத்தை மாற்றினால் போதும் என்று எண்ணவேண்டாம். நியூசிலாந்து எஞ்சின் 3 அடி 6 அங்குலப் பாதைக்கும் தாழ்ந்த சுரங்கங்களுக்கும் குறுக்கப்பட்டது. நாம் முதலில் பார்க்க வேண்டியது சில்லுகளை. நமது முதல் தொகுதி எம் 2-வில் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள், அவற்றில் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. அது பாரத்தைத் தாங்குவதற்கு மட்டும்.

இந்த அச்சு அமைப்பு நமக்கு ஒரு நல்ல வழியைத் திறந்துவிடுகிறது. பிரித்தானியாவின் 31-ம் வகுப்பு டீசல் எஞ்சினும் இதே அமைப்பைக் கொண்டது. ஓஓ அளவில் அதை ஹோர்ன்பி உட்படப் பலர் செய்திருக்கிறார்கள், பழைய பொருள் சந்தையில் மலிவாகவே கிடைக்கும். அதன் அடிச்சட்டத்தை எடுத்து, மேலுடலை முப்பரிமாண அச்சில் செய்து பொருத்தலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 31-ம் வகுப்பைச் செய்த பிரஷ் நிறுவனம் அதற்கு முன்பே இலங்கைக்கு எம் 1 வகுப்பு எஞ்சின்கள் 25-ஐச் செய்து அனுப்பியிருந்தது. இரண்டிலும் மிர்லீஸ் இயந்திரம், இரண்டிலும் இதே அச்சு அமைப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே கைகள் செய்தவை என்று தெரியும். முதல் முயற்சி எம் 2-வாக இருக்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லாதவர்கள் எம் 1-லிருந்து தொடங்கலாம், வேலை பாதியாகும்.

மேலுடலைச் செய்யும்போது ஒரு படத்தை நம்பாதீர்கள். குறைந்தது இரு பக்கமும் முகமும் தெரியும் படங்கள் வேண்டும். எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் படியுங்கள், அதிலிருந்து தொகுதியைப் பிடியுங்கள், படம் எடுத்த ஆண்டை உறுதிசெய்யுங்கள். தொண்ணூறுகளில் எடுத்த படத்தைப் பார்த்து 1973-ன் எஞ்சினுக்கு நிறம் பூசியவை பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உழைப்பும் அந்த ஒரு பிசகில் வீணாகிவிடுகிறது.

பெட்டிகளுக்கு வருவோம். பயணிகள் பெட்டி ஒன்று 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நமது அளவில் 26 சென்ரிமீட்டர். பத்துப் பெட்டி கோர்த்தால் 2.6 மீட்டர், எஞ்சின் வேறு. பெரும்பாலான வீடுகளில் மேடையே அவ்வளவு நீளாது. ஐந்து பெட்டிகள்தான் நமக்கு வாய்க்கும். அந்த ஐந்தில் குறைந்தது மூன்று மூன்றாம் வகுப்பாக இருக்கட்டும் என்பேன். முதலாம் வகுப்பை விட்டுவிடலாம். இரண்டாம் வகுப்பு ஒன்று, சிற்றுண்டிப் பெட்டி ஒன்று, மற்ற மூன்றும் மூன்றாம் வகுப்பு. அவற்றில் ஒன்றின் ஒரு பகுதி காவலர் அறையும் பொதி அறையும். திருவிழாக் காலத்து வண்டியில் கூட்டம் எங்கே இருந்ததோ அங்கேதான் நமது உழைப்பும் இருக்க வேண்டும்.

எழுத்துகளில் கவனம் தேவை. 1972 மே 22-ம் திகதி நாட்டின் பெயர் இலங்கைக் குடியரசாக மாறியது. ஆனால் பட்டறையில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் புது எழுத்து எழுதியிருக்க முடியாது. ஆகவே 1973-ல் பழைய எழுத்தோடு ஒன்றிரண்டு பெட்டிகள் நிற்பது பொருத்தமே. எல்லாம் ஒரே மாதிரிப் புத்தம்புதிதாக நின்றால்தான் சந்தேகம் வரும்.

அச்சில் செய்த பெட்டிகள் பஞ்சுபோல் இலேசானவை, வளைவில் தடம் புரளும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் எச்ஓ அளவுக்குச் சொல்லும் கணக்கு இது: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நமது ஓஓ-வுக்கும் அது உதவும். 26 சென்ரிமீட்டர்ப் பெட்டி ஏறத்தாழ 170 கிராம் நிறுக்க வேண்டும். ஈயத் துண்டுகளைத் தரையோடு ஒட்டிவிடுங்கள், உயரத்தில் வைக்காதீர்கள். வளைவின் ஆரை பெட்டி நீளத்தின் மூன்று மடங்காவது இருக்கட்டும், அதாவது 78 சென்ரிமீட்டர். விளையாட்டுப் பெட்டியோடு வரும் 438 மில்லிமீட்டர் வளைவில் பெட்டியின் முனைகள் பாதைக்கு வெளியே தொங்கும்.

என் மனதுக்கு நெருக்கமானவை சரக்கு வண்டிகள். எஞ்சினைப் பார்த்து இது இலங்கை என்று சொல்லலாம். இது வடக்கு என்று சொல்வது சரக்கு வண்டிதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து மூட்டைகள் ஏற்றிய மூடு வண்டிகள் தெற்கே போயின. அந்த வண்டிகளின் கதவோரத்திலும் படியிலும் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்க வேண்டும். ஆனையிறவு உப்பளத்திலிருந்து உப்பு போனது. உப்பு ஏற்றும் வண்டியின் இரும்பு அடியிலிருந்து துரு ஏறும், ஆகவே துருவின் நிறத்தைக் கீழே அடர்த்தியாகவும் மேலே போகப்போக இலேசாகவும் பூசுங்கள். இணுவில், சுன்னாகம், மல்லாகம் வழியாக வரும் எல்லா வண்டிகளின் சில்லுகளிலும் செம்மண் ஒட்டியிருக்கும். தீவகத்தின் வெளிர்மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு உடனே கண்ணில் படும், அதை மறந்துவிடாதீர்கள்.

பொதி அறையின் கதவைத் திறந்தே செய்யுங்கள். வெங்காயச் சாக்கு, புகையிலைச் சிப்பம், சுருட்டுப் பெட்டி, கருவாட்டு மூட்டை, பனங்கட்டிக் குட்டான், ஒடியல், பனாட்டுப் பாய்ச்சுருள். ஒவ்வொன்றும் ஓர் ஊரைச் சொல்லும். 1:76-ல் ஒரு பனங்கட்டிக் குட்டான் மில்லிமீட்டர்க் கணக்கில்தான் வரும் என்றாலும், பனையோலை நிறத்தில் சிறு புள்ளிகளைக் குவித்து வைத்தால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும் வண்டியில் மண்ணெண்ணெய்த் தாங்கி, சீனி, மா, துணிக்கட்டு. இரவுத் தபால் வண்டியைச் செய்கிறவர்கள் தபால் பைகளை மறக்க வேண்டாம். கொழும்புக் கடையிலிருந்து எழுதிய கடிதமும் காசுக்கட்டளையும் விடியற்காலை யாழ்ப்பாணத்தில் இறங்கி, பஸ்ஸேறி, படகேறி நெடுந்தீவுக்குப் போய்ச் சேரும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு அரிசியும் அந்தப் பைக்குள்தான் இருந்தன.

வேறு ஆண்டைப் பிடிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சிலது. 1980-களின் தொடக்கம் என்றால் எம் 4-ஓடு ஹிற்றாச்சி செய்த எம் 5, ஹென்ஷல் செய்த எம் 6, பிரஷ் செய்த எம் 7 ஆகியவையும் நாட்டில் ஓடிக்கொண்டிருந்தன, தெரிவு விரியும். 2014-க்குப் பின் என்றால் வாரணாசியில் செய்து 2012-ல் வந்த எம் 10-ஐப் பாருங்கள். 2019-ல் உத்தரதேவியாகப் புறப்பட்ட எஸ் 13 சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலையில் உருவான தொடர் வண்டி. அதற்குத் தனி எஞ்சின் தேவையில்லை, இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு.

1990-க்கும் 2014-க்கும் நடுவில் ஓர் ஆண்டைத் தெரிவுசெய்ய யாராவது துணிந்தால் நான் மிகவும் மகிழ்வேன். அந்த மாதிரிக்கு எஞ்சின் வேண்டாம், பெட்டி வேண்டாம். தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மேடாகக் கிடக்கும் பாதைத்தடம், அதன்மேல் பற்றை, கூரையில்லாத நிலையம். தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வளர்ந்த ஒரு தலைமுறை கோச்சியை வவுனியாவில்தான் முதன்முதலாகக் கண்டது. அந்தத் தலைமுறையின் யாழ்ப்பாண நிலையமும் உண்மையான நிலையம்தான், அதை யாரும் இன்னும் செய்து நான் பார்க்கவில்லை.

நமது 1973-க்கான பட்டியல் இவ்வளவே: எம் 2 ஒன்று, பயணிகள் பெட்டி ஐந்து, மூடு சரக்கு வண்டி நான்கு, திறந்த வண்டி இரண்டு, எண்ணெய்த் தாங்கி ஒன்று, சரக்கு வண்டிக்கான காவலர் பெட்டி ஒன்று. செய்யும் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சில்லுச் சரக்கு வண்டி எளிது, மலிவு, கை பழகும். சீமெந்து வண்டி ஒன்றை இந்த வாரமே தொடங்கலாம். எம் 2-வுக்கான படங்கள் சேர்ந்து முடிய எப்படியும் சில மாதங்கள் ஆகும். அடுத்த வாரம் மேடையின் நீளத்தையும், நிலைய முற்றத்தில் ஊர்காவற்றுறை பஸ் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதையும் எடுத்துக்கொள்வோம்.