ஈரக் கைக்கு ஏற்ற கைப்பிடி

வீட்டின் மிகச் சிறிய அறைகளுள் ஒன்று குளியலறை. ஆயினும், பேரக்குழந்தை முதல் பாட்டி வரை அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் அறை அதுவே. அங்குத் தரை நனைந்திருக்கும். கையில் சவர்க்காரம் வழுக்கும். எனவே, குளியலறையைப் புதுப்பிக்கும்போது அழகுக்கு முன் பாதுகாப்பை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்துக்கு அருகில் உள்ளது செபராங் ஜெயா. 1970ஆம் ஆண்டுகளில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கத் தொடங்கிய குடியிருப்பு நகரம் அது. அக்காலத்தில் இளம் தம்பதியராகக் குடியேறியோர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அன்று எளிதாக இருந்த குளியலறை இன்று அவர்களுக்குச் சிரமம் தரலாம்.

இத்தகைய வீட்டிற்கு வரும் உட்புற வடிவமைப்பாளர் முதலில் வண்ணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. “இதை யார் யார் பயன்படுத்துகிறார்கள்? நீர் எங்கே தேங்குகிறது?” என்றே கேட்பார். சுவரை இடிக்கவோ அறையை நீட்டிக்கவோ வேண்டுமெனில், செபராங் பிறை மாநகர் மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதையும் நினைவூட்டுவார்.

அடுத்து, தரையைக் கவனிக்க வேண்டும். பழைய ஓடுகளை அகற்றியபின் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசப்படும். அது உலர்ந்தவுடன் தரையில் நீரைத் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுவைத்துக் கசிவு உண்டா எனச் சோதிப்பர். நீர் வடிவதற்காக, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவு அமைப்பர். தரை ஓடுகளின் பிடிப்புத் தன்மையை ஆர்9 முதல் ஆர்13 வரையிலான குறியீடுகள் காட்டும். எண் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். பளபளப்பான ஓடு பார்வைக்கு அழகாக இருக்கும். ஈரக் காலுக்கோ ஆபத்தாகும்.

தரைக்குப் பிறகு அலமாரி. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். மரத்துகள் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஆகவே, அலுமினியம் போன்ற ஈரம் தாங்கும் பொருளால் ஆன அலமாரியைத் தரையில் வைக்காமல் சுவரில் பொருத்துவது நல்லது.

அலமாரியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அதன் கீலும் கைப்பிடியுமே. மின்னுவதெல்லாம் பொன்னல்ல; முலாம் பூசிய மலிவான கைப்பிடியில் கீறல் விழுந்தால், உள்ளிருக்கும் உலோகம் அரிக்கத் தொடங்கும். எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகின் தன்மை வேறு. அதில் கலந்துள்ள குரோமியம், காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உருவாக்குகிறது. கீறினாலும் அப்படலம் மீண்டும் உருவாகும். 304 எனும் வகை பெரும்பாலான குளியலறைகளுக்குப் போதுமானது. மாலிப்டினம் கலந்த 316 எனும் வகை கடற்காற்றின் உப்பையும் நன்கு தாங்கும். எனினும், குளோரின் கலந்த துப்புரவு நீரை அடிக்கடி பயன்படுத்தினால் எவர்சில்வரும் அரிக்கப்படலாம்.

கைப்பிடியின் வடிவமும் முக்கியமானது. உருண்டைக் குமிழை விரல்களால் இறுகப் பற்றினால்தான் இழுக்க முடியும். மூட்டுவலி உள்ளவருக்கு அது கடினம். நான்கு விரல்களும் உள்ளே நுழையும் வளைவான கைப்பிடியை, சவர்க்காரம் படிந்த கையாலும் இழுக்கலாம். பழைய கைப்பிடியை மட்டும் மாற்றுவோர் இரு திருகாணித் துளைகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். அது பெரும்பாலும் 96, 128, 160 மில்லிமீட்டர் என 32இன் மடங்காக இருக்கும். அளவு மாறினால் பழைய துளைகள் வெளியே தெரியும்.

துண்டு மாட்டும் கம்பியைப் பிடிமானக் கம்பியாகக் கருதுவது மற்றொரு தவறு. வழுக்கும் ஒருவரின் உடல் எடையைத் துண்டுக் கம்பி தாங்காது. பிடிமானக் கம்பியைக் கழிவறை இருக்கைக்கு அருகிலும் குளிக்கும் இடத்திலும் உறுதியான சுவரில் தனியாகப் பொருத்த வேண்டும்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். அனைவரும் பயன்படுத்தக்கூடியதே நல்ல வடிவமைப்பு என்று அவர் வலியுறுத்தினார். அவர் பங்கேற்ற குழு 1997இல் அதற்கான ஏழு கொள்கைகளை வெளியிட்டது. குறைந்த உடலுழைப்பு போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மூட்டுவலியுள்ள பாட்டிக்கு எளிதாகத் திறக்கும் கைப்பிடி சிறுவனுக்கும் எளிதாகத் திறக்கும். வீட்டில் வலிமை குறைந்தவரின் கையை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுத்தால், குளியலறை அனைவருக்கும் பாதுகாப்பான இடமாக அமையும்.