கிரேக்கரின் கோலேயும் நம் பித்தமும்

லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டங்களில் தலைசுற்றல் கண்டால் 'பித்தம் ஏறிவிட்டது' என்பாரைக் காணலாம். கிளினிக் சென்றால் இரத்தச் சோதனைத் தாளில் 'கொலஸ்டிரால்' என்று குறித்துத் தருவர். இவ்விரண்டும் ஒரே பொருளைத் தொட்டு நிற்கும் சொற்கள் என்றால் வியப்பாகவே இருக்கும்.

கிரேக்கத்தில் 'கோலே' என்பது பித்தநீர். 'ஸ்டெரியோஸ்' என்பது திண்மையுடையது. பித்தப்பைக் கல்லிற் கண்ட கொழுப்பனைய பொருளுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரோல் இவ்விரு சொல்லையும் இணைத்துப் பெயரிட்டார். அது ஆல்ககால் இனத்தது எனப் பின்னர் அறிந்தமையால் ஈறு 'ஓல்' ஆயிற்று.

'மெலாஸ்' கருமை, ஆதலின் 'மெலன்கோலியா' கரும்பித்தம். குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உடலை நடத்துவதாகக் கிரேக்க மருத்துவர் கொண்டனர். கரும்பித்தம் மிகின் துயரம் சூழும் என்றனர். நாமும் பித்தத்தோடு சேர்த்துப் பித்து, பித்தன் என வழங்குகிறோம். (சிவபெருமானுக்கும் அப்பெயர் உண்டே!) இஃது எண்ணத்தின் ஒப்புமையன்றிச் சொல்லின் உறவன்று. ஒலி நெருங்கினால் உடனே வேர் காட்டப் புறப்படும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

நிற்க. கரும்பித்தம் என ஒரு நீர் உடலில் இல்லை. 'காலரா' என்பதும் கோலேயிலிருந்து வந்ததென்பர். சாக்கடையைக் குறிக்கும் சொல்லோடு இயைப்பாரும் உளர். ஆயினும் அந்நோயைத் தருவது பித்தமன்று, நுண்ணுயிர் என்பதை இராபர்ட் காக் 1884இல் தெளிவித்தார். பழங்கொள்கை வீழ்ந்தும் பெயர் வீழவில்லை. நம் 'வாந்திபேதி'யோ கண்ட குறியையே சொல்வது; எக்கொள்கை மாறினும் அதற்குக் குறைவில்லை.

அப்படியாயின் ஆசிரியர் எதை மொழிபெயர்ப்பது? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் முன்னும் இவ்வினா நின்றது. உடற்கூற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடிய அவரே வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' (1875) எனப் பெயரிட்டார். அவ்வழியே நன்று. 1882இல் பெர்லினில் இலாங்கன்பூக் முதன்முதல் செய்த 'கோலிசிஸ்டெக்டமி'யில் கோலே, கிஸ்டிஸ் (பை), எக்டொமே (வெட்டி நீக்கல்) என மூன்று உறுப்புகள் உள. 'பித்தப்பை நீக்கம்' மூன்றனையும் தவறாது சொல்லிவிடுகிறது. மெலன்கோலியாவைக் 'கரும்பித்தம்' என்பது மருத்துவ வரலாற்றுப் பாடத்துக்கே பொருந்தும். நோயாளியிடம் 'மனச்சோர்வு' என்க. கொலஸ்டிராலை வெறும் 'கொழுப்பு' என்பதோ மயக்கந்தரும். நெய்யையும் எண்ணெயையும் விட்டவர், தம் ஈரலே அதனை ஆக்குகிறது என்பதை அறியாது திகைப்பர். அதனை ஒலிபெயர்த்தே வழங்கலாம்.