எழுபது மரக் கணக்கு

ஹெக்டேருக்கு 1,92,500 ரூபாய். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன தென்னந்தோப்புகளுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் அது. மரத்துக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று பெருக்கினால் அந்தத் தொகை வந்துவிடும். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புக்காரர்கள் ஹெக்டேரில் பேசுவதில்லை. 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு எழுபது மரம். எழுபது மரத்துக்கு 77,000 ரூபாய்.

இந்த 77,000 எதற்குச் சமம்? நன்றாகப் பார்த்துக்கொண்ட நெட்டை மரம் ஆண்டுக்கு 100 காய் தரும். எழுபது மரத்தில் 7,000 காய். ஏழு காய்க்கு ஒரு கிலோ கொப்பரை என்றால் மொத்தம் ஒரு டன். 2018-இல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்திருந்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,511 ரூபாய், டன்னுக்கு 75,110. வெட்டுக்கூலி, உரிகூலி, உடைத்துக் காயப்போடும் கூலி எல்லாம் இதில் கழியும். கழிக்காமல் பார்த்தால், நிவாரணம் முழுவதும் தோப்பின் ஓராண்டு வரவு. அப்புறப்படுத்தும் செலவை ஒதுக்கிவிட்டு மரத்துக்கான 600-ஐ மட்டும் எடுத்தால் ஏக்கருக்கு 42,000; ஏழு மாத வரவுகூட இல்லை.

மாநில அரசின் கையும் அப்போது தாராளமாக இல்லை. மத்திய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். டிசம்பர் கடைசியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒதுக்கப்பட்டது சுமார் 1,146 கோடி. என் வருத்தம் தொகை சிறியது என்பதோடு நிற்கவில்லை. அந்தக் கணக்கில் மரங்களின் எண்ணிக்கை இருந்தது, மரத்தின் வயது இல்லை. தோப்பு வைத்தவரின் வயதும் இல்லை. பட்டுக்கோட்டையில் ஒரு குடும்பத்தின் ஆசைகள் எல்லாம் இந்த இரண்டு வயதுகளுக்கு நடுவில்தான் கிடக்கின்றன.

தோப்பு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவது 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய். இது கடைமடை. குறுவைக்காக ஜூன் 12-இல் அணை திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் நாற்றங்கால் விடுவதைவிட, ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித் தென்னை வைப்பது மேல் என்று முன்பே பலர் முடிவெடுத்திருந்தார்கள். தண்ணீரையும் ஆளையும் மழையையும் பார்த்துப் பார்த்து அலுத்தவர்களுக்கு, ஒருமுறை வைத்தால் அறுபது ஆண்டு நிற்கும் பயிர் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்கு முதலில் போட வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று ஒரு குழிக்கு 27 கன அடி; எழுபது குழிக்கு 1,890 கன அடி. மணல் விற்பவர் கணக்கில் ஏறத்தாழ 19 யூனிட் மண்ணைக் கிளறி மேலே போட வேண்டும். கன்றுகள் வைத்த பிறகு ஆறேழு ஆண்டுக்கு ஒரு காய் கிடையாது. தண்ணீர், களை, காண்டாமிருக வண்டுக்குக் காவல் மட்டும்தான். வளர்ந்த மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரம், 1.3 கிலோ யூரியா, இரண்டு கிலோ சூப்பர் பாஸ்பேட், இரண்டு கிலோ பொட்டாஷ். எழுபது மரத்துக்கு மூன்றரை டன் எரு, 91 கிலோ யூரியா, சூப்பரும் பொட்டாஷும் தலா 140 கிலோ.

பிறகு 45 நாளைக்கு ஒரு வெட்டு. ஆண்டுக்கு எட்டு வெட்டு, வெட்டுக்கு 875 காய், 2018 ஆதார விலையில் சுமார் 9,400 ரூபாய். பெரிய பணமில்லை. ஆனால் அது தவறாமல் வரும். சம்பளம் என்பதையே பார்க்காத ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் கல்லூரிக் கட்டணமும் மருந்துக் கடைப் பாக்கியும் இந்த 45 நாள் கெடுவில்தான் ஓடின. வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பினாலும் அவனிடம் கேட்காமல் இருக்க முடிகிற முதுமைதான் இங்கே பலர் ஆசைப்படுகிற மகிழ்ச்சி. அதைச் சின்ன ஆசை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் அது போயிற்று. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த புயல் தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதித் தோப்புகளுக்குள் புகுந்தது. வேரோடு சாய்ந்தவற்றை எண்ண முடிந்தது. நடுவில் முறிந்தவற்றையும் எண்ணலாம். நிமிர்ந்தே நின்ற சில மரங்களில் கொண்டை மட்டும் திருகியிருந்தது. மட்டைகள் ஒரே பக்கமாக வாரி விட்டதுபோல் கிடந்தன. பச்சையாக இருக்கிறதே என்று நம்பி விட்டுவைத்தவை, சில மாதத்தில் குருத்து அழுகி, கொண்டை கழன்று, மொட்டைக் கம்பமாக நின்றன. அந்த மரங்களை எந்தத் தேதியில், எந்தப் பட்டியலில் சேர்ப்பது? மின்கம்பங்கள் மாநிலத்தில் லட்சத்துக்கு மேல் சாய்ந்திருந்ததால் பிழைத்த மரத்துக்குத் தண்ணீர் விட மோட்டாரும் ஓடவில்லை. விழுந்த மரத்தைக் கிடக்கட்டும் என்று விடவும் முடியாது. மக்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புதுக்கன்றின் குருத்தைத் துளைப்பது அதே வண்டு.

வயதுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விழுந்தது இருபது வயது மரம் என்றால் இன்னும் நாற்பது ஆண்டு காய்த்திருக்கும்: 4,000 காய், 571 கிலோ கொப்பரை, 2018 விலையிலேயே ஏறத்தாழ 42,900 ரூபாய். செலவு பாதி போனாலும் 21,000-க்கு மேல். அதற்குக் கிடைத்த 600 ரூபாய் 56 காயின் விலை. நிவாரணம் முழு நஷ்டத்தையும் ஈடுகட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐம்பது வயது மரத்துக்கும் பத்து வயது மரத்துக்கும் ஒரே தொகை என்பதை மாற்ற முடியும். காய்ப்பு இல்லாத ஆறேழு ஆண்டுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை என்று பிரித்துக் கொடுத்தால், கன்று வைத்தவர் அதைக் காப்பாற்றும் வரை தாக்குப்பிடிப்பார்.

2018-இல் தோப்புக்காரருக்கு வயது 50, மகளுக்கு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டே நெட்டைக் கன்று வைத்திருந்தாலும் முதல் குலை வெட்ட 2025, 2026 ஆகிவிடும். அவருக்கு 57, மகளுக்கு 25. இந்த ஊரில் கல்யாணக் கணக்கு பவுனில்தான் நடக்கிறது; எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் நடக்கிறது. புயலடித்த மாதத்தில் பவுன் 23,500 ரூபாயை ஒட்டி இருந்தது. ஏக்கரின் ஓராண்டுக் கொப்பரைக்கு 3.2 பவுன். 2025 ஜூனில் பவுன் 72,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டின் ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582. அதே ஒரு டன்னுக்கு 1.6 பவுன். சந்தையில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தொட்ட அபூர்வமான ஆண்டு அது. அந்த விலைக்கு விற்றாலும் 2.8 பவுன்தான். அதுவும் புயலுக்குத் தப்பிய மரம் வைத்திருந்தவருக்கு. மறுநடவு செய்தவரின் தோப்பில் அப்போதுதான் பாளை தலைகாட்டியது.

மகிழ்ச்சியை அளக்கும் உலக அறிக்கை ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. புயலடித்த 2018-இல் 156 நாடுகளில் இந்தியா 133-ஆவது, மதிப்பெண் 4.19. 2025-இல் 147 நாடுகளில் 118, மதிப்பெண் 4.39. பின்லாந்து 2018 முதல் தொடர்ந்து முதலிடம். கேள்வி எளிது: பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஏணி, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை பத்தாம் படி, இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கருத்துக் கணிப்பை நடத்தும் கேலப் நிறுவனம், ஐந்து ஆண்டு கழித்து எந்தப் படியில் நிற்பீர்கள் என்றும் சேர்த்தே கேட்கிறது; தரவரிசைக்கு அந்தப் பதில் எடுக்கப்படுவதில்லை. பட்டுக்கோட்டைத் தோப்புக்காரரை அறிய அந்த இரண்டாவது பதில்தான் வேண்டும். நவம்பர் 15 அன்று அவர் நின்ற படியைவிட, ஐந்து ஆண்டு கழித்து நிற்கப்போவதாக நம்பிய படிதான் மறுநாள் உடைந்தது.

மறுநடவில் எந்தக் கன்று என்பதில் இந்த வயதுப் பிரச்சினை முழுசாக வந்து நிற்கிறது. நெட்டை ஆறேழு ஆண்டு காக்கவைக்கும். அறுபது வயது வரை காய்க்கும். குட்டை மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். இளநீருக்கு நல்லது, கொப்பரைக்குத் தேறாது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி.எச்.சி. வகை ஒட்டுகள் நெட்டையையும் குட்டையையும் இணைத்தவை. நான்கைந்து ஆண்டில் பாளை விடும். ஐம்பதைத் தாண்டியவர் எழுபது குழியிலும் நெட்டை வைத்தால் பலன் பெரும்பாலும் பேரனுக்கு. எழுபதிலும் ஒட்டு வைத்தால் தனக்கு. தன் காலத்தில் தன் கையில் நாலு காசு புழங்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்கே நட்டவர்களுக்கு அது ரொம்பத் தாமதமாகக் கிடைக்கும் உரிமை.

என்னைக் கேட்டால் எழுபதில் 25 ஒட்டு, 45 நெட்டை. மரத்துக்கு 100 காய் என்றே வைத்தாலும் 25 ஒட்டு மரம் முழுக் காய்ப்புக்கு வரும்போது ஆண்டுக்கு 2,500 காய்; நெட்டை பருவத்துக்கு வரும்வரை வீட்டுச் செலவின் ஒரு பகுதியை அது தாங்கும். இடையில் கிடக்கும் மண்ணில் முதல் மூன்று ஆண்டு உளுந்தோ எள்ளோ நிலக்கடலையோ போடலாம். ஒட்டைக் கூட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒட்டு மரம் வறட்சி தாங்காது, நெட்டையைவிடத் தண்ணீரும் உரமும் கூடுதலாகக் கேட்கும். கடைமடையில் கோடைக்குக் கோடை ஆழ்குழாய் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் 25 என்று நிறுத்துகிறேன்.