புற்றுநோய் சோதனைப் பட்டை: மங்கலான கோட்டைத் தெளிவாக்க முயலும் ஆய்வுகள்

கர்ப்பப் பரிசோதனையிலும் கரோனா பரிசோதனையிலும் மக்களுக்குப் பழக்கமான துரித சோதனைப் பட்டைகளைக் கொண்டு, புற்றுநோயைச் சுட்டும் புரதங்களையும் கண்டறிய ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். பட்டையின் உணர்திறனை உயர்த்துவதே இதில் முதன்மைச் சவாலாக உள்ளது.

பட்டையில் இடப்படும் மாதிரி தாளில் ஊறி நகரும்போது, எதிர்ப்பொருள் பூசிய தங்க நானோ துகள்களையும் தன்னுடன் கொண்டு செல்கிறது. தேடப்படும் புரதம் மாதிரியில் இருந்தால், அது துகள்களுடன் இணைந்து சோதனைக் கோட்டில் சிக்கிக்கொள்கிறது. போதிய துகள்கள் அங்கு குவிந்தால் மட்டுமே சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும்.

புராஸ்டேட் புற்றுநோய் தொடர்பான பிஎஸ்ஏ புரதம் மில்லி லிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் மேல் பரிசோதனை தேவை என்பது நீண்டகால வழக்கம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்காகும். சுரப்பியை அகற்றிய பிறகு நோய் திரும்புகிறதா என்பதை அறிய, 0.2 நானோகிராம் அளவையே கண்டறிய வேண்டியுள்ளது. வெறும் கண்ணால் பார்க்கும் சாதாரணப் பட்டையில் இவ்வளவு நுண்ணிய அளவு எளிதில் புலப்படாது.

இதற்குப் பல வழிகள் ஆராயப்படுகின்றன. தங்கத் துகள்களின் மீது வெள்ளியைப் படியச் செய்தால் கோடு கருமையாகத் தெரியும். தங்கத்துக்குப் பதிலாக ஒளிரும் துகள்களைப் பயன்படுத்தி, சிறு கருவியால் அளவிடலாம். மாதிரியின் ஓட்டத்தை மெதுவாக்கினால், புரதமும் எதிர்ப்பொருளும் இணையக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பெரிய ஆய்வகங்கள் இல்லாத ஊரகப் பகுதிகளில், குறைந்த செலவில் சில நிமிடங்களில் முடிவு தரும் பட்டைகள் பேருதவியாக அமையக்கூடும்.

எனினும், உணர்திறன் மட்டும் உயர்ந்தால் போதாது. புற்றுநோய் அல்லாத சுரப்பி வீக்கத்திலும் அழற்சியிலும்கூட பிஎஸ்ஏ அதிகரிக்கும். எனவே, நலமுடன் இருப்பவருக்குத் தவறான அச்சமும் தேவையற்ற சிகிச்சையும் நேரலாம். மறுபுறம், நோயைத் தவறவிடும் பட்டை பொய்யான நிம்மதியை அளித்து, சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

ஆகவே, பட்டையில் கோடு தெரிவதை நோய் உறுதியானதாகவோ, தெரியாததை நோய் இல்லை என்றோ கருதக் கூடாது. மருத்துவரின் ஆலோசனையும் தேவைப்படும்போது திசுப் பரிசோதனையுமே இறுதி முடிவைத் தரும்.