தொட்டி மண்ணில் படரும் பச்சைத் தோல்: மார்கான்ஷியாவை வளர்க்கலாமா, விரட்டணுமா?

நர்சரியில் வாங்கி வந்த பூந்தொட்டியைக் கவனித்துப் பாருங்கள். சில நேரம் மண்ணின் மேல் பச்சையாக, தட்டையாக, தோல் மாதிரி ஏதோ ஒட்டிப் படர்ந்திருக்கும். ‘பாசி பிடிச்சிருச்சு’ என்று சுரண்டிப் போட்டுவிடுவோம். அது பாசியாக இல்லாமல், லிவர்வொர்ட் வகைத் தாவரமாகவும் இருக்கலாம். அதில் உலகம் முழுக்க அதிகம் அறியப்பட்டது மார்கான்ஷியா பாலிமார்ஃபா. பிளஸ் 1 உயிரியல் படித்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும்.

பெயரில் ஏன் ‘லிவர்’?

இதன் உடல், கல்லீரலின் மடல்கள் போலப் பிரிந்து பிரிந்து வளரும். ஓர் உறுப்பின் வடிவத்தில் இருக்கும் செடி அந்த உறுப்பின் நோயைக் குணமாக்கும் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நம்பினார்கள். பெயர் அப்படி வந்ததுதான். அதுக்காக ‘ஈரலுக்கு நல்லது’ என்று நினைத்து வாயில் போட்டுவிட வேண்டாம்.

நிழலும் ஈரமும் ஏன் அவசியம்?

மார்கான்ஷியாவுக்கு உண்மையான வேர் இல்லை, பூ இல்லை, விதை இல்லை. தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்த் திசுக்களும் இல்லை. மெல்லிய இழைகளால் மண்ணைப் பிடித்துக்கொண்டு, உடல் பரப்பு வழியாகவே ஈரத்தை உறிஞ்சும். மேற்பரப்பில் காற்றுத் துளைகள் உண்டு. ஆனால் மற்ற செடிகளின் இலைத்துளைகள் போல அவை இறுக மூடிக்கொள்ளாது. அதனால் நேரடி வெயில் பட்டால் சீக்கிரம் வாடிவிடும்.

மழைத்துளி செய்யும் வேலை

உடலின் மேல் குட்டிக் கிண்ணங்கள் தெரியும். உள்ளே ‘ஜெம்மா’ எனப்படும் பச்சைத் துணுக்குகள் இருக்கும். மழைத்துளி விழுந்ததும் அவை சிதறி, விழுந்த இடத்தில் தனிச் செடியாகிவிடும். எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி விழுந்தாலும் கவலையில்லை. வெளிச்சம் வரும் பக்கமே மேற்பக்கமாக வளரும். இதுபோக, குடை போன்ற உறுப்புகள் மூலம் பாலினப் பெருக்கமும் உண்டு. ஆண் செடி, பெண் செடி தனித்தனி.

வீட்டில் எப்படி வளர்ப்பது?

* மூடியுள்ள கண்ணாடிப் பெட்டி அல்லது அகலமான ஜாடி போதும்.
* அடியில் சிறு கற்கள், மேலே ஈரமான மண். தண்ணீர் தேங்கக் கூடாது.
* ஜெம்மாக்களையோ சிறு துண்டையோ மண்மேல் வைத்தால் போதும், புதைக்க வேண்டாம்.
* மழைநீர் நல்லது. ஸ்பிரேயரில் லேசாகத் தெளியுங்கள்.
* வெளிச்சம் வேண்டும், நேரடி வெயில் வேண்டாம்.

ஆய்வகங்களில் இதைச் சுமார் 22 டிகிரி செல்சியஸில் வளர்க்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில் சுலபம். சென்னை, மதுரைக் கோடையில் கஷ்டம்தான். வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்துப் பார்க்கலாம்.

நர்சரிக்காரர்களுக்கு ஏன் தலைவலி?

அடிக்கடி தண்ணீர், தாராளமாக உரம், நிழல்வலை என நர்சரியில் எல்லாமே இதுக்குச் சாதகம். தொட்டி மண்ணை மூடிப் படர்ந்தால், நாற்றுக்குப் போக வேண்டிய நீரும் உரமும் தடைபடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவது, உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் வைப்பது, நெல் உமியைப் பரப்பி மூடுவது ஆகியவை பலன் தரும். வெறுமனே சுரண்டினால் ஜெம்மாக்கள் சிதறி மறுபடி முளைக்கும்.

விஞ்ஞானிகளுக்கு இதில் என்ன?

நிலத்துக்கு வந்த தாவரங்களின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று லிவர்வொர்ட். 2017இல் மார்கான்ஷியாவின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது. அதில் சுமார் 19,000 மரபணுக்கள். பெரிய தாவரங்களில் ஒரே வேலைக்குப் பல மரபணுக்கள் இருக்கும். இதில் பல வேலைகளுக்கு ஒன்றிரண்டுதான். அதனால் எந்த மரபணு என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

காட்டிலிருந்து எடுக்கலாமா?

வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரை, ஈரப்பாறைகளில் பல வகை லிவர்வொர்ட்டுகள் இருக்கின்றன. அவை மண்ணரிப்பைத் தடுத்து, ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. ஆசை இருந்தால் நர்சரியில் கேளுங்கள். அவர்கள் தூக்கிப்போடும் ஒரு சின்னத் துண்டே உங்கள் ஜாடிக்குப் போதும்.