அப்பாவுடன் முதல் சந்தை

எங்கள் வீட்டில் மாட்டுச் சந்தைக்கு ஆண்பிள்ளைகள்தான் போவார்கள். காங்கயம் பக்கம், கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிச் சித்திரையில் கூடும் சந்தைக்கு அப்பா வருடம் தவறாமல் போவார். அண்ணனுக்குப் பத்து வயதானதும் அவனையும் கூட்டிப் போனார். நான் கேட்டபோது, "பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேல?" என்பதோடு பேச்சு முடிந்தது. எனக்குத் தேர்க்கடைப் பொரி வரும்.

அப்பாவும் நானும் சேர்ந்து போன முதல் மாட்டுச் சந்தை கலிஃபோர்னியாவில்தான் வாய்த்தது. அவருக்கு 78 வயது, எனக்கு 49.

மகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு அமெரிக்காவில் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். அதில் முதல் மாதம் பேரன் பேத்தியோடு ஓடிவிடும். இரண்டாவது மாதம்தான் கஷ்டம். கார் ஓட்டத் தெரியாது, தெருவில் பேச ஆள் கிடையாது. அப்பா எங்கள் எலுமிச்சை மரத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மரம் பிழைக்க வேண்டுமானால் அவரை எங்காவது கூட்டிப் போயாக வேண்டும்.

பிளசண்டனில் ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை அலமேடா கவுண்டி ஃபேர் நடக்கும். கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 1912இல் தொடங்கிய கண்காட்சி இது. மைதானத்துக்குள் இருக்கும் குதிரைப் பந்தய ஓடுபாதை அதைவிடப் பழையது, 1858இல் போட்டது. நான் இருபது வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். பிள்ளைகளோடு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ராட்டினம், பன்றி ஓட்டப் பந்தயம், சர்க்கரைப் பொடி தூவிய ஃபனல் கேக், அவ்வளவுதான். ஆட்டு மாட்டுக் கொட்டகை இருக்கும் பக்கம் நாற்றம் என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், நாங்களும் திரும்பிவிடுவோம்.

அப்பா அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டேதான் போனார். வேட்டி, கேன்வாஸ் ஷூ, மருமகன் வாங்கித் தந்த தொப்பி, தோளில் துண்டு. ராட்டினத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. போகிற வழியில் ஃபனல் கேக்கை ஒரு விள்ளல் வாயில் போட்டு, "ஜிலேபிதான், பாகுல போட மறந்துட்டாங்க" என்றார்.

இந்தத் திருவிழாக்களின் மூலமே கால்நடைதான். 1807இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில் எல்க்கனா வாட்சன் என்பவர் தன்னுடைய இரண்டு மெரினோ செம்மறிகளை ஊர்ப் பொதுவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது இங்கே அது புது இனம், பார்க்கக் கூட்டம் கூடியது. இரண்டு ஆட்டுக்கே இத்தனை கூட்டமா என்று யோசித்தவர் 1810இல் முறையான கால்நடைக் கண்காட்சியையே நடத்திவிட்டார். ராட்டினமும் பாட்டுக் கச்சேரியும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

கொட்டகைக்குள் வைக்கோல் பரப்பி, மின்விசிறி வைத்து, வரிசையாக மாடுகள். கறுப்பு ஆங்கஸை அப்பா "காரி" என்றார். வெள்ளை மூஞ்சி ஹெர்ஃபோர்ட், "செவலை". அமெரிக்க மாட்டுக்கெல்லாம் ஐந்து நிமிடத்தில் காங்கயத்துப் பேர் வைத்தாயிற்று. திமில் இல்லாததுதான் அவருக்குப் பெரிய குறை. "முதுகு மொட்டையாக் கெடக்குது, நுகம் எங்க நிக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆட்டுப் பட்டியில் காது தொங்கும் நூபியன் ஆட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த இனத்தில் இந்தியாவின் ஜமுனாபாரி ரத்தம் கலந்திருக்கிறது என்றேன். "பாத்தாலே தெரியுதே" என்றார்.

ஒரு காரி எருதுக்குப் பக்கத்தில் பதின்மூன்று வயதிருக்கும் பெண் நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் பச்சைத் துணி. "நர்சுக்குப் படிக்குதா?" என்றார் அப்பா. அது ஃபோர்-ஹெச் சீருடை. 1902இல் ஒஹாயோவில் தொடங்கிய கிராமப்புறச் சிறுவர் சங்கம் வளர்ந்து வந்த இயக்கம் அது. தலை, இதயம், கை, உடல்நலம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் நான்கும் ஹெச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். பிள்ளை ஒரு கன்றையோ குட்டியையோ வாங்கி வளர்க்க வேண்டும். தீவனச் செலவைப் பைசா சுத்தமாகக் கணக்கெழுத வேண்டும். கண்காட்சி வளையத்தில் அதை நடத்திக் காட்ட வேண்டும். மாட்டுக்கு மட்டுமல்ல, அதை நடத்துகிற நேர்த்திக்கும் தனியாகப் பரிசு உண்டு. முதல் பரிசுக்கு நீல ரிப்பன். அந்தப் பெண் ஒரு நீளக் கம்பின் நுனியால் எருதின் குளம்பைத் தொட்டுத் தொட்டு நாலு காலையும் சதுரமாக நிறுத்தினாள். பிறகு அதே கம்பால் வயிற்றைச் சொறிந்துவிட்டாள். அப்பா கை கட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன பல்லுன்னு கேளு அம்முணி."

கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. மாட்டின் பிறந்த தேதி ஏட்டில் இருக்கும்போது பல்லை யார் பார்ப்பார்கள்? "பாக்கட்டுமா?" என்று சைகை காட்டினார். அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையாட்டினாள். அப்பா ஒரு கையால் தாடையை ஏந்தி, மறு கையின் கட்டைவிரலால் கீழுதட்டை விலக்கினார். எருது ஒரு மூச்சு விட்டதோடு சரி. "பால்பல்லு. இன்னும் ஒண்ணும் போடல. ஒன்றரை வருசம்."

அவள் ஏட்டைப் புரட்டினாள். போன வருடம் ஜனவரி. பதினேழு மாதம். என்னை விட்டுவிட்டு அப்பாவையே ஏறிட்டுப் பார்த்தாள். அவரை இந்த நாட்டில் ஒருவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மத்தியானம் ஏலம். எடை 1,320 பவுண்டு என்று பலகையில் போட்டார்கள், ஏறக்குறைய 600 கிலோ. பவுண்டுக்கு இத்தனை டாலர் என்று ஏலக்காரர் மூச்சு விடாமல் மைக்கில் அடுக்கினார்.

"மாட்ட எதுக்கு எட போடறாங்க?"

பல், சுழி, நிறம், நடை பார்த்து விலை பேசியவருக்கு அது நியாயமான சந்தேகம். "கறிக்குப்பா" என்றேன். பேசவில்லை. நுகத்தில் பழக்கும் வயதுகூட வரவில்லையே என்று அவர் கணக்குப் போட்டிருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் விரல்களைப் பிடித்தார். "ஒரு வெரலப் புடிச்சா ஒண்ணு. அஞ்சும் சேத்துப் புடிச்சா அஞ்சு. பக்கத்துல நிக்கறவனுக்கு வெல தெரியக் கூடாது. இங்க என்னன்னா தண்டோராப் போடறாங்க." தரகர்கள் துண்டுக்குள் பேசும் விலையை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். என் விரலில் அது வந்து சேர நாற்பது வருடம் பிடித்திருக்கிறது.

உள்ளூர்க் கடைக்காரர்களும் நிறுவனங்களும் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று சந்தை விலைக்கு மேலேயே கேட்பார்கள். அந்தப் பெண்ணின் எருதும் நல்ல விலைக்குத்தான் போனது. வளையத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள். அவள் அம்மா கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

இது பிள்ளைகள் மேல் சுமத்தும் கொடுமை என்று நான் காரில் சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "டிராக்டர் வந்தப்ப நம்ம மயிலைச் சோடிய வித்தனே, ஞாபகம் இருக்குதா? யாரு வாங்குறா, எதுக்கு வாங்குறான்னு நான் கேக்கல. கேட்டாத் தெரிஞ்சு போயிரும்னு கேக்கல. இந்தப் புள்ள எல்லாந் தெரிஞ்சு, கணக்கெழுதி, கூடவே நின்னு அழுவுது."

அப்புறம் வீடு வரை தூங்கினார்.

அடுத்த சித்திரையில் கண்ணபுரம் வருவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸில் இரண்டு வாரம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.