தெரியுமா? கரம்பொன் ஐந்தெழுத்து, ஈமெயிலில் நாற்பத்து நான்கு!

ரொறன்ரோவில் இருக்கிற ஒருவர் ஊர்காவற்றுறைக்கு ஈமெயில் போடுகிறார், சப்ஜெக்ட் வரியில் ‘கரம்பொன்’ என்று ஊர்ப்பெயர் மட்டும், ஒரே ஒரு சொல். நமக்கு அது ஐந்தெழுத்து. கணினிக்கு எட்டு! க, ர, ம, புள்ளி, ப, ஒகரக் குறி, ன, புள்ளி என்று பிரித்துத்தான் அது எண்ணும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 24. அதோடு விடுமா? பெரும்பாலும் அந்த 24 பைட்டும் 32 ஆங்கிலக் குறிகளாக வேஷம் மாறும். முன்னும் பின்னும் ‘இது யூனிகோட்’ என்று சொல்ல இன்னும் 12 குறி. மொத்தம் 44! இதில் வேடிக்கை, அந்த எட்டுத் துண்டும் ‘4கே’ என்றே தொடங்கும். டிவிக்காரர்கள் பெருமைப்படுகிற அதே 4கே.

இந்த வேஷம் எதற்கு? 1982இல் ஈமெயிலுக்கு விதி எழுதியபோது இடம் கொடுத்தது 128 குறிகளுக்கு மட்டும். 247 எழுத்து வைத்திருக்கிற நாம் எங்கே போவது?

அதற்கும் முன்னால் நடந்ததைக் கேளுங்கள். 1971இல் அமெரிக்காவில் ரே டொம்லின்சன், கணினிகளுக்கிடையே போன முதல் ஈமெயிலை அனுப்பினார். எவ்வளவு தூரத்துக்கு? பக்கத்தில் இருந்த கணினிக்கு! @ குறியை முகவரிக்குள் கொண்டுவந்தவரும் அவரே. என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், மறந்துவிட்டது என்றார்.

படம், பாட்டு, பிற மொழி எல்லாம் உள்ளே நுழைய 1992 ஆனது. நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் ‘மைம்’ என்ற முறையை வகுத்தார்கள். அவ்வருடம் மார்ச் 11ஆம் திகதி போரன்ஸ்டைன் இணைத்து அனுப்பியது, தானும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும். இணைப்பாகப் போகிற படமோ பாட்டோ பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும் என்பதும் அன்றைய கணக்குத்தான். கொமினிக்கேசன் கடையில் பாஸ்போர்ட் ஸ்கான் செய்து அனுப்புகிறீர்களா? 9 எம்பி கோப்பு வழியில் 12 எம்பி! “ஃபைல் பெரிசு” என்று திரும்பி வந்தால் கடைக்காரத் தம்பியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

தமிழ் எழுத்துரு எல்லோரிடமும் இல்லாத தொண்ணூறுகளில் வெளிநாட்டுத் தமிழர் பலர் ‘நலமா’ என்பதையே ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினார்கள். புது நாகரிகம் என்று நினைத்தோம். இல்லவே இல்லை! 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூலே தமிழை ரோமன் எழுத்தில்தான் போட்டது. அதைப் பற்றித் தமிழுலகுக்கு எழுதிச் சொன்னவர் யார் தெரியுமா? 1913இல் இதே கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள்! உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழறிஞர்களை இணைக்க 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கி, 1964இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றவர். அத்தனையும் ஈமெயில் இல்லாத காலத்தில், கடிதமும் பயணமுமாக. என்னைக் கேட்டால், டொம்லின்சனை விட இதுதான் பெரிய ஆச்சரியம்.

இப்போது முகவரியே தமிழில் வைக்கலாம், தெரியுமா? ‘.இலங்கை’ என்ற முடிவுக்கு 2010இலேயே அனுமதி கிடைத்தது. @ குறிக்கு முன்னாலும் தமிழ் வரலாம் என்று 2012இல் விதி வந்தது. 2014இல் ஜிமெயிலும் அப்படிப்பட்ட முகவரிகளோடு கடிதம் பரிமாறத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த முகவரியை ஏதாவதொரு இணைய விண்ணப்பத்தில் நிரப்பிப் பாருங்கள். “செல்லாத முகவரி” என்று சிவப்பில் கத்துகிற படிவங்கள்தான் இன்னும் அதிகம்.